குட்டி யானையில் பெட்ரோல் வாடை: எங்கே பார்க்கணும்?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் லோடு ஏற்றும் குட்டி யானைகளின் அடியில் எப்போதும் ஐஸ் தண்ணீர் சொட்டும். மீனோடு கலந்த உப்பு, அடியில் ஓடும் எரிபொருள் குழாயையும் கிளாம்ப்பையும் அரிக்கும். உப்பளத்து வண்டிக்கும் இதே கதிதான்.

2005-ல் டீசல் வண்டியாக வந்த டாடா ஏஸ், இப்போது பெட்ரோலிலும் கிடைக்கிறது. டீசல் அவ்வளவு சீக்கிரம் பற்றாது. பெட்ரோலோ மைனஸ் 40 டிகிரி குளிரிலும் பற்றும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். வண்டிக்கு அடியிலேயே தேங்கும்.

வாடை எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. டேங்க் நிரப்பியதும் மட்டும் வந்தால், மூடியின் ரப்பர் வாஷர், ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டர். சாவி போட்டதும் வந்தால், பம்ப் அழுத்தத்தில் கசியும் குழாய் இணைப்பு அல்லது இன்ஜெக்டர் ஓ-ரிங். நிறுத்திய வண்டியிலும் வந்தால் டேங்க்கையும் ஹோஸையும் பாருங்கள். 20% எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் சீக்கிரம் நலியலாம்.

செல்போன் டார்ச் போதும். லைட்டர் பக்கமே போகக்கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுக் கை வைக்கணும். டேப் சுற்றுவது, எப்பாக்சி பூசுவது எதுவும் நிற்காது. தண்ணீர் ஹோஸை வெட்டிப் போடுவது அதைவிட மோசம். பெட்ரோலுக்கென்றே வரும் ஹோஸும் புது கிளாம்ப்பும்தான் தீர்வு.

"இந்த லோடு முடியட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்வது பெரும்பாலும் ஓனர். அந்த வாடையில் உட்கார்ந்து ஓட்டுவது சம்பளத்துக்கு வரும் டிரைவர். அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தால் அதில் தப்பே இல்லை.

மாற்றிய பிறகு லோடு ஏற்றாமல் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, இணைப்பு காய்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள்.