அன்புள்ள சகோதரருக்கு, இப்படிக்கு ராஜா

தபால் தலை சேர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். பழைய நாணயம் சேர்ப்பவர்கள், தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்கள்கூட நம் தெருவிலேயே இருப்பார்கள். ராஜாக்களின் கடிதங்களைச் சேர்ப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதிலும், ஐரோப்பாவில் ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதங்களை?

லண்டனிலும் பாரிஸிலும் இப்படிப்பட்ட கடிதங்கள் ஏலத்துக்கு வருவதுண்டு. பணம் படைத்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறார்கள். "பிறத்தியார் கடிதத்தைப் படிப்பது தப்பில்லையோ?" என்பீர்கள். எழுதியவரும் போய், வாங்கியவரும் போய், பல சமயம் ராஜ்யமே போய்விட்ட பிறகு அது கடிதமாகவா இருக்கிறது? சரித்திரமாகிவிடுகிறது!

இந்தக் கடிதங்களில் முதலில் கண்ணில் படுவது உறவு முறைதான். முடிசூடிய ஒருவர் இன்னொருவரை "என் சகோதரரே" என்றுதான் அழைக்க வேண்டும். ராணியானால் "சகோதரி". ரத்த சம்பந்தம் உண்டா இல்லையா என்பதல்ல கேள்வி. அது ராஜாங்க மரியாதை.

அந்த ஒரு வார்த்தைக்காக மனஸ்தாபமே வந்திருக்கிறது. 1852-ஆம் வருஷம் பிரான்ஸில் மூன்றாம் நெப்போலியன் தம்மைச் சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டார். ரஷ்யாவின் ஜார் முதலாம் நிகோலஸுக்கு அது பிடிக்கவில்லை. "சகோதரரே" என்று எழுதாமல், "நண்பரே" என்று எழுதி அனுப்பினார். நெப்போலியன் கோபித்துக்கொள்ளவில்லை. சகோதரர்கள் தாமாக வந்து வாய்ப்பவர்கள், நண்பர்களையோ நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்று சிரித்துக்கொண்டே நன்றி சொன்னாராம். ஆனால் 1854-ல் கிரிமியாவில் இருவரின் படைகளும் மோதிக்கொண்டன.

நிஜமான உறவாவது சண்டையைத் தடுத்ததா? ஜெர்மனியின் கெய்ஸர் வில்ஹெல்மும், ஜார் இரண்டாம் நிகோலஸின் மனைவி அலெக்ஸாண்ட்ராவும் விக்டோரியா மகாராணியின் பேரப் பிள்ளைகள். நம் கணக்குப்படி, கெய்ஸர் அந்த அம்மாளுக்குப் பெரியம்மா பிள்ளை, அண்ணன் முறை! 1914 ஜூலைக் கடைசியில் கெய்ஸரும் ஜாரும் மாறி மாறித் தந்தி அடித்தார்கள். ஜெர்மன் பாஷையிலும் இல்லை, ருஷ்ய பாஷையிலும் இல்லை; இங்கிலீஷில். கீழே பட்டம் பதவி ஒன்றும் கிடையாது. "வில்லி", "நிக்கி" என்ற செல்லப் பெயர்கள்தான். ஆகஸ்டு 1-ஆம் தேதி வில்லியின் நாடு நிக்கியின் நாட்டின் மேல் யுத்தப் பிரகடனம் செய்துவிட்டது.

ஆகவே, கடிதம் சேர்க்கிறவர்கள் உறவு முறையைக் கண்டு மயங்குவதில்லை. "இது யார் கை?" என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். காரியதரிசி எழுதி, ராஜா கையெழுத்து மட்டும் போட்ட கடிதம் ஒரு ரகம். காரியதரிசி எழுதியதன் கீழே ராஜா தம் கையால் இரண்டு வரி சேர்த்திருந்தால், அது அதைவிட உசத்தி. முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை ராஜாவே எழுதியிருந்தால், அதற்குத்தான் அதிக மதிப்பு. சக ராஜாவுக்குச் சொந்தக் கையால் எழுதுவதைப் பெரிய கௌரவமாகவே அந்த நாளில் கருதினார்கள்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. பிரான்ஸின் பதினான்காம் லூயியிடம் தூஸான் ரோஸ் என்று ஒரு காரியதரிசி இருந்தார். ராஜாவின் கையெழுத்தை அச்சு அசலாக எழுதுவதே அவருடைய உத்தியோகம்! "ராஜாவே கைப்பட எழுதியிருக்கிறாரே" என்று அந்நிய தேசத்து அரசர்கள் பூரித்துப்போன கடிதங்களில் எத்தனை இவருடைய கைவண்ணமோ?

ராஜாவின் அனுமதியோடு நடந்தது அது. அனுமதியில்லாமல் நடந்த கூத்தையும் கேளுங்கள். பாரிஸில் மிஷேல் ஷால் என்று ஒரு கணித மேதை. கணக்கில் புலி. கடிதங்களில் மட்டும் ஒரு சபலம். வ்ரேன் லூகா என்ற ஆசாமி 1861 முதல் 1869 வரை அவருக்கு 27,000-க்கும் மேற்பட்ட காகிதங்களை விற்றான். ஒரு லட்சம் பிராங்குக்கு மேல் கறந்தும்விட்டான். அந்தக் குவியலில் கிளியோபாட்ரா ராணி ஜூலியஸ் சீஸருக்கு எழுதிய கடிதம்கூட இருந்தது. எந்த பாஷையில் தெரியுமா? பிரெஞ்சில்! அதுவும் சாதாரணக் காகிதத்தில்! 1870-ல் அந்த மோசடிக்காரனுக்கு இரண்டு வருஷம் சிறைவாசம் கிடைத்தது. ஆசை கண்ணை மறைத்தால், மேதைக்கும் கூட்டல் கணக்கு தவறிவிடுகிறது.

அதனால்தான் இன்று வாங்குகிறவர்கள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நீரோட்டக் குறியைத் தேடுகிறார்கள். மை வருஷக்கணக்கில் ஊறிப் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற பூர்வோத்தரத்தையும் விசாரிக்கிறார்கள்.

எல்லாச் சோதனைக்கும் நின்று, இனி விலைக்கு வராத கடிதம் ஒன்று எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்து ராணி மேரி எழுதியது. இங்கிலாந்து ராணி எலிசபெத்துடைய அத்தையின் பேத்தி இந்த மேரி. கடிதங்களில் இருவரும் "சகோதரி" என்றே அழைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு நாளும் முகத்துக்கு முகம் பார்த்ததில்லை. அடைக்கலம் தேடி வந்த மேரியை எலிசபெத் ஏறக்குறைய 19 வருஷம் காவலில் வைத்திருந்தாள். கடைசியில் மரண தண்டனைப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

1587 பிப்ரவரி 8-ஆம் தேதி, விடியற்காலை 2 மணி. பொழுது விடிந்தால் தலை போகப் போகிறது. தன் முதல் கணவரின் தம்பியான பிரெஞ்சு ராஜா மூன்றாம் ஹென்றிக்கு மேரி தன் கையால் எழுதினாள். தன் மதத்துக்காகவே சாகிறேன் என்றாள். ஆரோக்கியம் தரும் என்று நம்பப்பட்ட இரண்டு அபூர்வக் கற்களை அனுப்புவதாகச் சொன்னாள். பிறகு அவள் கேட்டது என்ன? பழி வாங்கச் சொன்னாளா? இல்லை. தன்னுடன் இருந்த வேலைக்காரர்களுக்குச் சம்பள பாக்கி நிற்கிறது, அதைக் கொடுத்துவிட வேண்டும், தன் ஆத்மாவுக்காகப் பிரார்த்தனை செய்விக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் கடித உறை ஏது? காகிதத்தின் ஓரத்திலிருந்தே ஒரு கீற்றை நறுக்கி, மடித்த கடிதத்தில் துளையிட்டு, ஊசி நூல் கோப்பதுபோல அந்தக் கீற்றைக் கோத்துப் பூட்டினாள். கீற்றை அறுக்காமல் பிரிக்க முடியாது. பிரித்தால் பிரித்தது தெரிந்துவிடும்.

ஆறு நாள் கழித்து எலிசபெத்தும் ஒரு கடிதம் எழுதினாள், மேரியின் மகன் ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸுக்கு. தாயின் தலையை வாங்கிய பிறகு மகனுக்கு என்ன எழுதுவது? நடந்தது ஒரு துரதிர்ஷ்டமான விபத்து, அது தன் எண்ணத்துக்கு மாறாக நடந்துவிட்டது என்று வருந்தியிருந்தாள். அவனையும் "சகோதரரே" என்றுதான் அழைத்திருந்தாள். அதுவும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

இரண்டும் ராணிகள் தம் கைப்பட எழுதியவை. எழுத்தைச் சோதிக்க நிபுணர்கள் இருக்கிறார்கள். எழுதிய மனசைச் சோதிக்க நிபுணர் தேவையில்லை. சாகப் போகும் நேரத்தில் வேலைக்காரர்களின் சம்பளத்தை நினைத்துக்கொண்ட அந்தக் கையை, வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய உங்களுக்கு அடையாளம் தெரியாமலா போகும்?