குடியை விட்டவரின் சாயங்காலம்

2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில், டாஸ்மாக் கடையை அகற்றக் கோரி செல்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். சேலத்துக்காரர், உயிரை விட்டது குமரி மண்ணில். அதன் பிறகு 2016, 2017, 2023 என மூன்று முறை ஐந்நூறு ஐந்நூறு கடைகளாக அரசு மூடியது. கடைகளுக்கு எதிரான போராட்டம் இன்னும் தேவைதான். ஆனால், கடைக்குப் போவதைத் தானாகவே நிறுத்திக்கொண்ட மனிதரைப் பற்றி நாம் பேசுவதில்லை.

குமரியில் ரப்பர் பால் வெட்டுபவருக்கு வேலை விடியலுக்கு முன்பே தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து விசைப்படகுகள் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தடைக்காலத்தில் கரையில் கிடக்கும். குடித்த நாள்களில் அந்த நேரத்தைக் குடியே தின்றது. விட்ட பிறகு என்ன செய்வது? கூட்டாளிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். கல்யாண வீட்டுப் பின்கட்டில் "இன்னைக்கு ஒருநாள்தானே மக்கா" என்ற அழைப்பு காத்திருக்கும். வீட்டிலோ மாதக்கணக்கில் குடிக்காதவரின் மூச்சையும் மோந்து பார்ப்பார்கள். பட்டவர்களின் பயம் அது, குறை சொல்ல முடியாது.

கை நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவர் உண்டு. பல வருடக் குடியை மருத்துவ உதவியின்றி திடீரென நிறுத்துவது ஆபத்தும்கூட. ஆனால், குடியை விட்ட பின் வரும் இந்த வெறுமைக்கு மருந்துச்சீட்டு கிடையாது.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆன பில் வில்சன், தொழிலில் தோற்று, விடுதியின் மதுக்கூடத்துக்கு அருகே தவித்து நின்றார். உள்ளே போகாமல், தன்னைப் போல் குடியில் சிக்கிய இன்னொருவரைத் தேடித் தொலைபேசியை எடுத்தார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். குடியை விட்டவர்கள் பெயர் வெளியிடாமல் கூடி ஒருவரையொருவர் தாங்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு அங்கே பிறந்தது. உபதேசம் செய்து பாபைத் திருத்துவதற்காக அல்ல, தான் குடிக்காமல் இருப்பதற்காகவே வில்சன் அவரைத் தேடினார். இன்னொருவருக்குத் தேவைப்படுவதுதான் குடியை விட்டவரைத் தாங்குகிறது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

குடிநோயாளிகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஹார்வர்டு மனநல மருத்துவர் ஜார்ஜ் வைலன்ட், ஐந்து ஆண்டுகள் தாண்டியவர்கள் மீண்டும் விழுவது அரிது என்று கண்டார். புதிய உறவுகளும் நம்பிக்கை தரும் ஒரு குழுவும் அந்தத் தூரத்தைக் கடக்க உதவின. நம் சிகிச்சை மையங்களோ சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. மீதி வருடங்களை அந்த மனிதரும் அவர் மனைவியும் தனியாகச் சுமக்கிறார்கள்.

நம் ஊர்களில் குடித்தவரும் ஊரறிந்தவர், விட்டவரும் ஊரறிந்தவர். அவருக்குப் பொறுப்பு கொடுக்கலாமே. சர்ச் திருவிழாக் கணக்கு, கோயில் கமிட்டி, வாசகசாலைச் சாவி: பணமும் நம்பிக்கையும் புழங்கும் இடமாக இருக்கட்டும். மது விற்பனையில் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டும் அரசு, ஐந்தாண்டு குடிக்காமல் இருந்தவர்களுக்குப் பயிற்சி அளித்து, அரசு மருத்துவமனைகளின் மறுவாழ்வுப் பிரிவுகளில் சம்பளத்தோடு அமர்த்தட்டும். கை நடுங்கியபடி உள்ளே வருபவரிடம் முதலில் பேச வேண்டியவர் அவர்தான்.