அணிகளை நீக்கச் சொல்பவருக்கு

பொறியியல் முதலாண்டில் நேரியல் இயற்கணிதம் வேண்டாம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அணிக் கணக்கைக் கணினி ஒரே வரியில் போட்டுவிடுமாம்; மிஞ்சும் நேரத்தில் மாணவர்கள் செயற்கை நுண்ணறிவு படிக்கலாமாம். இரண்டும் தவறு. முதலாவது ஆபத்தான தவறு.

அவருக்கு ஒரு சின்னக் கணக்கு. க + ச = 2; க + 1.0001ச = 2. விடை: க = 2, ச = 0. இனி இரண்டாம் சமன்பாட்டின் வலப்பக்கத்தை மட்டும் 2.0001 என்று மாற்றுங்கள். விடை: க = 1, ச = 1. வெறும் 0.0001 நகர்த்தியதற்கு விடையே தலைகீழாகிவிட்டது. ஆய்வகத்தில் நாம் எடுக்கும் பல அளவீடுகளில் இதைவிடப் பெரிய பிழை இருக்கும். கணினியோ இரண்டு விடைகளையும் கேட்டவுடன் அச்சிட்டுத் தரும். இச்சமன்பாடுகள் குறிக்கும் இரு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, அவை வெட்டும் புள்ளியை நம்பிக் கட்டடம் எழுப்பக் கூடாது என்று சொல்ல, இந்தப் பாடத்தைப் படித்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத்தான் இவர் உருவாகவே விடமாட்டேன் என்கிறார்.

கணினியின் வேகத்தைப் பற்றியும் அவர் யோசிக்கவில்லை. இருபது வரிசை கொண்ட அணிக்கோவையை உறுப்பு உறுப்பாக விரித்தால் 24-க்குப் பின் 17 சுழியம் இட்ட அளவு உறுப்புகள் வரும். நொடிக்கு 100 கோடி உறுப்புகளை முடிக்கும் இயந்திரத்துக்கும் 77 ஆண்டுகள் ஆகும். இதே பாடத்தில் வரும் காஸ் நீக்கல் முறைக்குச் சுமார் 3,000 பெருக்கல்கள் போதும். அந்த 77 ஆண்டுகளை மிச்சப்படுத்தியது கணிதம்.

செயற்கை நுண்ணறிவு படிக்கட்டும் என்கிறாரே, அதில் எதைப் படிப்பது? ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியின் 17,500 கோடி அளவுருக்களில் மிகப் பெரும்பாலானவை அணிகளின் உறுப்புகள். அது ஒவ்வொரு சொல்லையும் அணிகளைப் பெருக்கித்தான் தேர்ந்தெடுக்கிறது. அணியை நீக்கிவிட்டு அதைப் படிப்பவருக்குப் பொத்தானை அழுத்த மட்டுமே தெரிந்திருக்கும்.

பயனை முதலில் காட்டுங்கள், பிறகு படிக்கிறோம் என்பது அவருடைய அடுத்த வாதம். 1925இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க், குவாண்டம் இயக்கவியலுக்காக, வரிசை மாறினால் விடையும் மாறும் ஒரு விசித்திரப் பெருக்கலை எழுதினார். அது அணிப்பெருக்கல் என்று அவருக்கே தெரியாது. அடையாளம் கண்டவர் இன்னொரு இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன். மாணவப் பருவத்தில் பிரெஸ்லாவில் அதைக் கற்றிருந்தார். எதற்குப் பயன்படும் என்று அன்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.

இப்பாடத்தில் வரும் கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தை மாணவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று அவர் சொல்வது மட்டும் உண்மை. வினாத்தாளை மாற்றச் சொல்லட்டும், நானும் அவரோடு நிற்கிறேன். அவர் பாடத்தையே எடுக்கச் சொல்கிறார். வேண்டியவர்கள் இணையத்தில் கணிதவியலாளர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் விரிவுரைகளைப் பார்த்துக்கொள்ளலாமாம். வழிகாட்ட ஆள் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பார்ப்பார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு, இப்படி ஒரு பாடம் இருப்பதையே கல்லூரிப் பாடத்திட்டம்தான் சொல்ல வேண்டும். அவளிடமிருந்து அதைப் பறிக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது?