கீரை, மாதுளை எல்லாம் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறலையா? காரணம் இதுவாக இருக்கலாம்!

ஆபீஸில் ரத்த தான முகாம். ஆர்வமாக வரிசையில் நிற்கிறீர்கள். விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, ‘ஹீமோகுளோபின் கம்மியா இருக்கும்மா, அடுத்த தடவை பார்க்கலாம்’ என்கிறார்கள். ரத்தம் கொடுக்க 12.5 கிராம் வேண்டும், உங்களுக்கு 10.8. வீட்டில் சொன்னால், ‘மாதுளம்பழம் சாப்பிடு, பீட்ரூட் ஜூஸ் குடி’ என்பார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

ஆனால், அப்படி முடியவிடக் கூடாது. 2019-21இல் எடுக்கப்பட்ட 5வது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, பாதிக்கும் மேல்!

சிவப்பா இருந்தா போதுமா?

போதாது. 100 கிராம் மாதுளையில் 1 மில்லிகிராம் இரும்புச்சத்துகூட இல்லை. ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி பெண்களுக்குத் தினமும் 29 மி.கி. தேவை, ஆண்களுக்கு 19 மி.கி. மாதவிடாயில் இழக்கும் ரத்தத்தை ஈடுகட்டத்தான் இந்த வித்தியாசம்.

கீரை, பருப்பு சாப்பிடுறேனே?

நல்லது. ஆனால், இறைச்சி, மீன், ஈரலில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். கீரை, பருப்பு, கேழ்வரகில் இருப்பதை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. இங்கேதான் வைட்டமின் சி உதவிக்கு வருகிறது. குடல் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு அது இரும்பை மாற்றித் தருகிறது. ஒரே நிபந்தனை, இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் போக வேண்டும். காலையில் கீரை, மாலையில் கொய்யா என்றால் பலன் குறைவு.

பருப்பில் எலுமிச்சை பிழிவதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். கொதிக்கவிட்டால் வைட்டமின் சி வீணாகும். ஒரு நெல்லிக்காயோ பாதி கொய்யாவோ சாப்பாட்டோடு இருந்தாலே போதும்.

டீ எப்போ குடிக்கலாம்?

சாப்பிட்ட கையோடு வேண்டாம். 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த டீ இரும்பு உறிஞ்சப்படுவதை 64 சதவீதமும், காபி 39 சதவீதமும் குறைத்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியும் அதே அளவு குறைத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்ததால் பாதிப்பில்லை. இட்லி முடித்ததும் ஃபில்டர் காபி என்கிற நம்ம ஊர் பழக்கத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் நல்லது.

எலுமிச்சம்பழமே மருந்தா?

இல்லை. ரத்தசோகை வந்துவிட்டால் உணவு மட்டும் போதாது, டாக்டர் சொல்லும் மாத்திரை வேண்டும். அதோடு வைட்டமின் சி மாத்திரையும் சேர்த்து வாங்கத் தேவையில்லை. 2020இல் சீனாவில் 440 பேரிடம் நடந்த ஆய்வில், இரும்பு மாத்திரை மட்டும் எடுத்தவர்களும், கூடவே வைட்டமின் சி எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். பி12 குறைபாடு, தலசீமியாவாலும் ரத்தசோகை வரலாம். எனவே டெஸ்ட் எடுக்காமல் நாமே மாத்திரை வாங்கிப் போடுவது சரியல்ல.

யார் பொறுப்பு?

பள்ளியில் வாரம் ஒரு சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். கர்ப்பமானால் தினமும் கொடுக்கிறார்கள். இடையில் இருக்கும் பெண்? 2018இல் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டத்தில் 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கும் இடம் உண்டு. ஆனால், பிஜிக்கும் ஆபீஸுக்கும் இடையே ஓடும் 24 வயதுப் பெண்ணிடம் மாத்திரையைக் கொண்டுசேர்க்க, பள்ளி மாதிரி ஓர் இடம் இல்லை. பெண்ணின் உடல்நலம் தாயான பிறகுதான் கணக்கில் வருமா என்ன?

அந்த இடத்தை அலுவலகங்கள் நிரப்பலாம். வருடாந்திர ஹெல்த் செக்கப்பில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் டெஸ்ட்டையும் சேர்க்கலாம். உடலின் இரும்பு இருப்பு கரைவது முதலில் ஃபெரிட்டினில்தான் தெரியும். ஹீமோகுளோபின் குறைவது அதற்குப் பிறகுதான். ‘எப்பவும் டயர்டா இருக்கா, சோம்பேறி’ என்று ஒரு பெண்ணைச் சொல்வதற்கு முன், அவள் ரிப்போர்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.