1909-க்கு அடங்காத அழைப்புகள்



கடலூரிலாயினும் சிதம்பரத்திலாயினும், மதிய உணவுக்கு அமரும் வேளையில் கைபேசி ஒலித்து, "கடன் வேண்டுமா? மனை வேண்டுமா?" என்று அறிமுகமற்ற குரலொன்று வினவாத இல்லம் இன்று அரிது. இத்தொல்லைக்குத் தடுப்பு இல்லாமலில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007-ஆம் ஆண்டிலேயே, விளம்பர அழைப்புகளை விரும்பாதோருக்கென ஒரு பதிவேட்டை ஏற்படுத்தியது. 1909 என்ற எண்ணை அழைத்துப் பதிவு செய்துகொள்ளலாம், செலவில்லை. வங்கி, மனை, கல்வி என்று வகை பிரித்துத் தடுக்கவும் இடமுண்டு. 2025-இல் செய்த திருத்தத்தின்படி, செய்தி அனுப்புவோர் பெயரின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். 'பி' எனில் விளம்பரம்; 'ஜி' எனில் அரசுச் செய்தி. முதியோருக்கு இதைக் காட்டிக் கொடுத்தல் நன்று.

ஆயின் இவ்விதிகள் யாரைக் கட்டுப்படுத்தும்? சட்டத்துக்கு அஞ்சும் வணிகரையே. திருடன் பதிவு செய்துகொண்டு வருவதில்லை. அவன் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அழைப்பான். அதைத் தடுத்தால் மறுநாள் வேறோர் எண். "காவல்துறையிலிருந்து பேசுகிறோம், உம் மகன் பெயருக்கு வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் உள்ளது, உம்மை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று காணொளியில் மிரட்டிப் பணம் பறிப்போர் இவ்வகையினரே. அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்திலேயே இல்லை! பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே தனித்து வாழும் பெற்றோர் இம்மிரட்டலுக்கு எளிதில் இரையாகின்றனர். '1909-இல் பதிந்தாயிற்று, இனி வருவதெல்லாம் நல்ல அழைப்பே' என்னும் நிம்மதி, பழைய தொல்லையைவிட ஆபத்தானது என்பேன்.

அதற்காக, அறியாத எண்கள் யாவற்றையும் ஒலிக்காமற் செய்துவிடுவதும் தீர்வாகாது. மருத்துவமனையின் அழைப்பும், புதிய எண்ணிலிருந்து மகன் பேசுவதும் அதிலேயே அமுங்கிவிடும். மின்னஞ்சலிலும் இதே கதைதான். அண்ணாமலை நகர் விடுதியில் மாணவர் ஒருவர் நாள்தோறும் எதிர்நோக்கும் வேலைக் கடிதம், குப்பைப் பெட்டியில் உறங்கிக் கிடக்கலாம். வாரமொருமுறை அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஐயத்துக்குரிய அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே பேசலாம். பணம் பறிபோயிருப்பின் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். பலர் பிள்ளைகளிடம் சொல்ல வெட்கி இரண்டொரு நாள் மறைத்துவிடுகின்றனர். அதற்குள் அப்பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடுகிறது.