ஆறு பென்ஸ் கணக்கு



இந்த இசைச் சிறப்பிதழுக்காக ஒரு வாரமாக அலுவலகத்தில் பாட்டுகள் அலறிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, எங்கள் பக்க வடிவமைப்பாளர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “சார், இது சாமி பாட்டா, சண்டைப் பாட்டா?”

சாமி பாட்டுதான். கீர்த்தனையும் ஆர்மோனியமுமாகப் பழகிய காதுக்கு, தொண்டை கிழியும் உறுமலில் ஜெபம் வந்தால் திகைக்கத்தான் செய்யும். எண்பதுகளில் அமெரிக்கர்களும் திகைத்தார்கள். கலிஃபோர்னியாவின் ஸ்ட்ரைப்பர் என்ற கிறிஸ்தவ ஹெவி மெட்டல் இசைக்குழு மஞ்சள், கறுப்புக் கோடு போட்ட உடையில் மேடையேறி, கூட்டத்துக்குள் பைபிள்களை வீசியது. தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகார்ட் வெளிப்படையாகவே கண்டித்தார்.

ஸ்ட்ரைப்பர் பெரிய இடம். என் மனதில் நின்றது 1987-ல் தொடங்கிய ரெக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன இசை வெளியீட்டுக் கம்பெனி. இவர்கள் பிடித்தது இன்னும் முரட்டுப் பிள்ளைகளை. பென்சில்வேனியாவின் பிலீவர், ஆர்கன்சாவின் லிவிங் சாக்ரிஃபைஸ், பிறகு இயந்திர ஓசையும் கிட்டாரும் கலந்த சர்க்கிள் ஆஃப் டஸ்ட். விற்கும் இடம்தான் சிக்கல். மெட்டல் ரசிகனுக்கு ‘கிறிஸ்தவ’ என்ற சொல்லே கசக்கும். பைபிளும் வாழ்த்து அட்டையும் விற்கும் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்காரருக்கோ அட்டைப்படத்தைப் பார்த்தாலே கலக்கம். 1990-ல் வந்த பிலீவரின் ‘சானிட்டி அப்ஸ்க்யூர்’ ஆல்பத்தை ரோட்ரன்னர் என்ற மெட்டல் கம்பெனியும் கையில் எடுத்தது. அதில் ‘டீஸ் இரே’ என்றொரு பாட்டு. ஓபரா பாணியில் ஒரு பெண் குரல், வயலின், அதற்கடியில் இடி போல டிரம்ஸ். சிம்ஃபானிக் மெட்டல் என்று ஒரு வகை பெயரெடுப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதைச் செய்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பாட்டு ஒன்றுக்காகவே ரெக்ஸ் பிழைத்திருக்க வேண்டும்.

பிழைக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் பணச் சிக்கலில் மூழ்கியது. பதிவுச் செலவும் தயாரிப்புச் செலவும் முன்கூட்டியே போய்விடும்; கடையிலிருந்து காசு திரும்பி வர மாதங்களாகும், விற்காததும் கூடவே திரும்பி வரும். பத்திரிகை முகவரிடமிருந்து பணம் வருமுன் காகிதக்காரர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கம்பெனி சாய்ந்தாலும் ஒப்பந்தம் சாய்வதில்லை. ரெக்ஸில் மென்மையாகப் பாடும் ஒரு குழுவும் இருந்தது: சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர். பெயர் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் சொன்ன ஒரு கதையிலிருந்து வந்தது. அப்பாவுக்குப் பரிசு வாங்க மகன் அப்பாவிடமே ஆறு பென்ஸ் கேட்கிறான். அப்பாவுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் கணக்கில் ஆறு பென்ஸ் கூடவில்லை. ஒப்பந்தச் சிக்கலிலிருந்து மீண்ட அந்தக் குழு, 1997-ல் ஸ்டீவ் டெய்லரின் ஸ்க்வின்ட் நிறுவனத்தில் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டது. அதிலிருந்த ‘கிஸ் மீ’ 1999-ல் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. வளர்த்த வீட்டுக்கு அந்த வெற்றியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. லிவிங் சாக்ரிஃபைஸும் அதே 1997-ல் சாலிட் ஸ்டேட் என்ற கம்பெனியில் புது வாழ்வு தொடங்கியது.

ஆனால் பழைய ஆல்பங்களின் உரிமை? சர்க்கிள் ஆஃப் டஸ்டை நடத்திய க்லேடன், தன் பாட்டுகளைத் தன் கைக்குக் கொண்டுவர 2015 வரை ஆயிற்று. மறு ஆண்டு அவற்றை மறுவெளியீடு செய்தார். கையோடு அதே குழுப் பெயரில் ஒரு புது ஆல்பமும் போட்டார். இடையில் போன இருபது ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

‘டீஸ் இரே’யைத் தேடிக் கேளுங்கள். தொடக்கத்தில் ஒலியைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். எங்கள் வடிவமைப்பாளர் இப்போது தானே கூட்டி வைக்கிறார். மாடி வீட்டுக்காரர்தான் இரண்டு முறை வந்துவிட்டுப் போனார்.

அன்புடன்,
ஆசிரியர்