தரகுக் காசும் தலைவாசலும்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையிலே இறம்பொடையை அடைந்ததும் வண்டிகள் தாமாகவே நின்றுவிடும். 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அருவியைக் கண்டபின் எவன்தான் நில்லாது போவான்? ஒருபுறம் அருவி, கீழே கொத்மலை நீர்த்தேக்கம், குன்றின்மேல் அனுமன் கோயில், நாற்புறமும் சீவி வாரிவிட்டாற்போலத் தேயிலை. வந்தவர் காண்கின்றனர், களிக்கின்றனர், படம் பிடிக்கின்றனர், போகின்றனர். ஆனால் அவருள் ஒரு சிலர் மட்டும் போகுமுன் ஒரு கேள்வி கேட்கின்றனர்: "இங்கே ஒரு பேர்ச் காணி என்ன விலை?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் மனிதனைப் பற்றியதே இக்கட்டுரை.

காணி விற்றுக்கொடுப்பதும் ஒரு தொழிலா என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உண்டு. இருவர் பேசி முடித்த விலையிலே இடையில் நின்று தன் பங்கை எடுத்துக்கொள்பவன் உழைப்பாளியா, ஒட்டுண்ணியா என்று வினவுவோரும் உண்டு. மறுபுறம், தோட்டத்திலே பிறந்து, படித்து, கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் விட்டு வெளியேறிய இளைஞர் சிலர் இத்தொழிலை நாடுகின்றனர். ஒரு காணி கைமாறினால் சில மாதத்து வயிற்றுப்பாடு தீரும் என்பது அவர்தம் கணக்கு. அதைக் குற்றமென்று சொல்ல நமக்கு வாயில்லை. பசித்தவனுக்குப் பாடம் சொல்வது எளிது. சோறு போடுவதே அரிது.

ஆயினும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றிருக்கிறது. காசு கைக்கு வந்து, செலவாகி, மறந்தும் போனபின், நெஞ்சிலே நிற்பதற்கு இத்தொழிலில் ஏதேனும் உண்டா? உண்டு என்கிறோம் நாம். வேறெங்கும் இல்லாவிடினும் இம்மலைநாட்டிலே உண்டு என்கிறோம். ஏன்? இங்கே நிலம் என்பது வெறும் சரக்கன்று. இரு நூற்றாண்டுகளாக ஆறாத புண் அது!

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் சட்டம், உரிமைக்குச் சான்று காட்டமுடியாத காட்டையும் தரிசையும் அரசின் உடைமை ஆக்கிற்று. கண்டி நாட்டுச் சிங்களக் குடியானவன் தன் முன்னோர் புழங்கிய மேட்டுநிலத்தை இழந்தான். அந்நிலம் துரைமாருக்கு விலையாயிற்று. அதைத் திருத்திப் பொன் விளைவிக்கக் கடல் கடந்து வந்த தமிழனோ அதில் ஓரடி மண்ணும் பெறவில்லை. இழந்தவனும் ஏழை, பெறாதவனும் ஏழை! இடையில் நின்றவனுக்கே இலாபம்!

கோப்பித் தோட்டங்களுக்கு முதல் தொகுதியினர் வந்தது 1823இல் என்று கொண்டு, 2023இலே மலையக மக்கள் தம் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தனர். 200 ஆண்டு உழைத்தவன் கையில் இருந்தது என்ன? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறை ஒன்று. அதுவும் சொந்தமன்று. பெயர் தோட்டத்துச் செக்றோலில் இருக்கும்வரை கூரை இருக்கும். பெயர் போனால் கூரையும் போகும். 1946இலே கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென அரசு எடுத்துக்கொண்டபோது, அங்கேயே வாழ்ந்து வந்த தொழிலாளரை வெளியேறு என்றது. மறுத்தவர்மீது வழக்குப் பாய்ந்தது. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. பிறந்த இடத்தில் இருந்தமைக்காக அத்துமீறல் குற்றஞ் சாட்டப்பட்ட மக்கள் உலகில் எத்தனை பேர் இருப்பர்?

பின்னர் 1948இல் குடியுரிமை போயிற்று. 1964இலே இரு நாட்டுத் தலைவர்கள் அமர்ந்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று மனிதரைப் பங்கிட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்பே எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு பிறந்தது. வாக்குரிமை வந்தது; வாசலுரிமை வரவில்லை! இறம்பொடைக்கு அண்மையிலே பூண்டுலோயாப் பகுதியின் மடக்கும்புரத் தோட்டத்திலே பிறந்து, 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தாம் எழுதிய புதினத்துக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டார். ஒரு சமூகத்தின் வரலாற்றை ஒரே சொல்லில் எழுதமுடியுமானால், அச்சொல் அதுவேயன்றோ?

இப்போது சொல்லுங்கள். இத்தகைய மண்ணிலே ஒரு குடும்பத்தின் கையில் முதன்முதலாக ஒரு காணி உறுதி வந்து சேர்வதற்குத் துணைநிற்பவன் வெறும் தரகன்தானா?

காணி கைமாறுவது வாய்ச்சொல்லால் ஆவதன்று. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டம் இன்றும் நடப்பிலிருக்கிறது. நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகள் ஒப்பமிட, எழுத்திலே முடிக்கப்படாத காணி விற்பனை செல்லாது. அதன் முன்னே நில அளவையாளரின் வரைபடம் வேண்டும். காணிப் பதிவகத்திலே பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்க்கவேண்டும். ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, பங்காளிகள் எத்தனை பேர், வழி இருக்கிறதா என்றெல்லாம் ஆராயவேண்டும். பரம்பரையாகக் காணி வைத்திருப்பவன் இவற்றைப் பாட்டன் வாயிலாகவே கற்றுவிடுகிறான். உறுதி என்ற ஒன்றை வாழ்நாளில் கண்டறியாத குடும்பத்துக்கு இவற்றைச் சொல்பவர் யார்? கொழும்புக் கடையிலும் மத்திய கிழக்கு நாட்டு அடுக்களையிலும் பிள்ளைகள் சேர்த்தனுப்பிய காசைக் கையில் பிடித்துக்கொண்டு, நகர்ப்புறத்தில் ஒரு துண்டுக் காணி தேடி இறங்குகிறாள் ஒரு தாய். வெறும் தாளைக் காட்டி அவளை ஏமாற்றவும் முடியும். மெய்யான உறுதியைக் கையில் கொடுத்து அவளை நிமிர்ந்து நிற்கச் செய்யவும் முடியும். இரண்டுக்கும் தரகு ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒன்றா?

இது வெறுங் கனவன்று. காணி, வீடு என்னும் இத்துறையிலேயே நின்று பெருமை தேடிக்கொண்டோர் உலகில் உளர். இங்கிலாந்திலே ஒக்டேவியா ஹில் என்னும் மாது இருந்தார். 1865ஆம் ஆண்டிலே ஜோன் ரஸ்கின் முதலிட்ட பணத்தைக் கொண்டு, இலண்டன் மேரிலபோன் பகுதியிலே பாழடைந்த சில வீடுகளின் பொறுப்பை அவர் ஏற்றார். வீட்டு வாடகை தண்டுவதே அவர் வேலை. அதைத்தான் எத்தனையோ பேர் செய்தனர், அடித்துப் பிடுங்கினர், ஒழுகும் கூரையைத் திரும்பியும் பாரார். ஒக்டேவியாவோ வாரந்தோறும் வீட்டுக்கு வீடு போனார். வாடகையைத் தவறாது கேட்டார். கூரையையும் வடிகாலையும் தவறாது செப்பனிட்டார். முதலிட்டவருக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு என வரையறுத்து, மிஞ்சியதை அவ்வீடுகளுக்கே செலவிட்டார். தருமம் என்று சொல்லிக் குடியிருப்பவரை அவர் தாழ்த்தவில்லை. வாணிபம் என்று சொல்லி நசுக்கவுமில்லை. அதே அம்மையார்தாம் பின்னர் 1895இலே, அழகிய நிலங்களும் பழைய கட்டடங்களும் பணக்காரர் வேலிக்குள் மறைந்துவிடாமல் பொதுமக்களுக்காகக் காக்கும் தேசிய அறக்கட்டளையை வேறிருவரோடு சேர்ந்து நிறுவினார். அருவியின் காட்சியைப் பேர்ச் கணக்கில் விற்கும் இறம்பொடைக்கு இதில் பாடமில்லையா?

அக்கரைத் தமிழகத்துக்கு வருவோம். 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியிலே 44 உயிர்கள் குடிசைக்குள் தீக்கிரையாயின. கூலி உயர்வு கேட்ட உழவர் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளுமே அவருள் மிகப் பலர். அந்தச் சாம்பலைக் கண்டு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கீழத்தஞ்சைக்கே போய்த் தங்கினார். 1981இலே தம் கணவரோடு சேர்ந்து 'லாஃப்டி' என்னும் உழுவோர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார். அவர் செய்த பணியின் ஒரு பகுதி என்ன? நிலக்கிழாரிடம் விலை பேசினார். வங்கியிலே கடனுக்கு வாதாடினார். நிலத்தைப் பிரித்து, நிலமற்ற குடும்பத்துப் பெண்களின் பெயரிலே பதிந்து கொடுத்தார். விலை பேசுவதும், கடன் ஏற்பாடு செய்வதும், பதிவு முடிப்பதும் எவருடைய வேலை? காணித் தரகனின் வேலையேயன்றோ! அதே வேலையை அவர் செய்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலம் பெற்றன. 2008இலே உலகம் விருது கொடுத்து வணங்கிற்று. தொழில் ஒன்றுதான், நோக்கமே வேறு.

"அவர்கள் தொண்டர்கள், நாங்கள் வயிற்றுக்கு உழைப்பவர்கள். எங்களை அவர்களோடு ஒப்பிடலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தரகு வாங்காதே என்று எவரும் சொல்லவில்லை. ஒக்டேவியாவும் முதலிட்டவருக்கு வட்டி கொடுத்தே தீர்ந்தார். தரகை வாங்குங்கள், ஆனால் மூன்றை மட்டும் விற்காதீர்கள்.

முதலாவது, உரிமையில் ஓட்டையுள்ள காணி. பதிவகத்து ஏட்டைப் பாராமல் ஒருவனுடைய வாழ்நாள் சேமிப்பைக் கைமாற்றிவிடுவது தரகன்று, திருட்டு.

இரண்டாவது, சரியும் மலை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை விழுங்கியது நினைவிருக்கிறதா? அபாயம் உண்டென்ற எச்சரிக்கை முன்னரே தரப்பட்டிருந்தது. போக இடம் இல்லாத மக்கள் எங்கே போவர்? 2025 நவம்பர் இறுதியிலே 'டித்வா' புயல் மீண்டும் மலைநாட்டைப் பிளந்து காட்டிற்று. நுவரெலியா மாவட்டத்திலே கட்டடம் எழுப்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும் என்ற விதி வெறும் காகிதச் சடங்கன்று. "பார்வை நன்று, வாங்குங்கள்" என்று சொல்லும் நாக்கு, "மண் நன்றன்று, வாங்காதீர்கள்" என்றும் சொல்லக் கற்கவேண்டும். அன்றைக்குத் தரகு போகும். ஓர் உயிர் மிஞ்சும்.

மூன்றாவது, பெண்ணின் பங்கு. கொழுந்து பறித்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தருபவள் அவள். உறுதி எழுதும் நாளில் மட்டும் அவள் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருப்பதா? "அக்காவின் பெயரும் இருக்கட்டும்" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த ஒரு சொல், குடித்தழிக்கும் கணவனிடமிருந்தும் கடன்காரனிடமிருந்தும் ஒரு வீட்டைக் காக்கக்கூடும்.

இவ்வளவும் சொன்னபின் ஓர் உண்மையை மறைக்கலாகாது. தரகன் எத்துணை நல்லவனாயினும் நிலமற்றவனுக்கு நிலம் படைக்க அவனால் ஆகாது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் போயிற்று. நிலம் அரசுடையது, பிடி கம்பனியுடையது, வியர்வை மட்டுமே தொழிலாளியுடையது. குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று பேசப்படுகிறது. ஏக்கருக்கு 160 பேர்ச். வழியையும் வடிகாலையும் விட்டாலும் ஏக்கருக்கு ஏறக்குறைய 20 குடும்பங்களுக்கு இடமுண்டு. 200 ஆண்டு உழைப்புக்கு ஏறத்தாழ 1,900 சதுர அடி! இதைக் கேட்பதா பேராசை? இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். பின் 2017 மே மாதம் நோர்வூட்டிலே மேலும் 10,000 வீடுகளுக்கு வாக்குறுதி. வரவேற்கிறோம். ஆனால் உறுதியில்லாத வீடு ஓட்டுக்கூரை போட்ட லயமே! வீட்டைத் திறந்துவைக்கும் விழா மேடையிலேயே, எல்லை அளந்த வரைபடமும் பதிவுசெய்த உறுதியும் கையளிக்கப்படவேண்டும். அதை அரசிடம் கேட்டுப் பெறுவது அரசியலின் கடமை. பெற்றதைப் பேணவும், விற்கவேண்டி வந்தால் ஏமாறாது விற்கவும், வாங்க முடிந்தால் தெளிவாக வாங்கவும் வழிகாட்டுவது இத்தொழிலின் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவுமாகாது.

தொழிலுக்கு வரும் இளைஞர்களே! ஆசிரியனுக்குப் பள்ளியிலே மாலை விழும். மருத்துவனைக் கையெடுத்துக் கும்பிடுவர். காணித் தரகனுக்கு எவரும் மாலை போடமாட்டார். உறுதி முடிந்த மறுநாளே உங்களை மறந்துவிடுவர். ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின் ஒருநாள் மாலை, இறம்பொடை வளைவிலே பேருந்து திரும்பும்போது, மலைச்சரிவில் ஒரு வீட்டு வாசலில் விளக்கெரிவதைக் காண்பீர்கள். அவ்வீட்டுப் பிள்ளை திண்ணையில் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும். எந்தத் துரையும் "வெளியேறு" என்று சொல்லமுடியாத வாசல் அது. அதன் எல்லைக்கல்லை ஊன்றிய நாளில் நீங்கள் அங்கே நின்றீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

தரகுக் காசு அந்த மாதத்தோடு தீர்ந்திருக்கும். அந்த வாசல் தீராது!